பஸ் எஞ்சினில் ஓடிய ரயில்: பழைய டீசல் ரயில் காரைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு சிரமம்?

எண்பது தொண்ணூறு வருடப் பழைய டீசல் ரயில் கார் ஒன்றைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டப் போகிறார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படிக்கிறவர்களுக்குச் சில சந்தேகங்கள் எழும். ரயில் கார் என்பது எஞ்சினா, பெட்டியா? மலை மாதிரி இருக்கும் நீராவி எஞ்சின்களே சரியாகி ஓடும்போது, இந்த ஒற்றை வண்டிக்கு மட்டும் ஏன் பல பத்தாண்டுகள் ஆகின்றன? கடைசியாக, இதெல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நமக்கு எதற்கு?

மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் மிகவும் பக்கத்தில் இருக்கிறது. திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் 1931-ல் இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷன் வரை பாதை நீண்டது. நடுவில் இருந்த நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் 1979 ஏப்ரல் வரை காத்திருந்தன. திருநெல்வேலி பக்கம் இணைப்பு கிடைத்தது 1981-ல். அதுவரை இந்த மாவட்டத்தைச் சுமந்தது பஸ். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியபோது 60 காமர் பஸ்கள் வாங்கியது. அவற்றில் இருந்தது பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். துறையை நடத்த வந்த இ.ஜி. சால்ட்டர் அதற்கு முன் லண்டன் பஸ் நிர்வாகத்தில் இருந்தவர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற டீசல் ரயில் காரும் அதே காலத்தில், அதே லண்டன் பஸ் தொழிலிலிருந்து பிறந்த வண்டிதான். ரயிலுக்கு முன்பே டீசல் பஸ்ஸைப் பார்த்த மாவட்டத்துக்கு இந்தக் கதை எளிதாகப் புரியும்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

1. எஞ்சின் இழுக்கும் ரயில்: நாம் தினமும் பார்ப்பது. எஞ்சின் தனி, பெட்டிகள் தனி. எஞ்சினில் பயணி ஏற முடியாது. பெட்டி தானாக நகராது.

2. ரயில் கார்: எஞ்சினும் பயணிகள் இருக்கைகளும் ஒரே வண்டியில். பெரும்பாலும் இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கும். தனியாகவே ஓடும், சிலவற்றால் கூட ஒன்றிரண்டு பெட்டிகளையும் இழுக்க முடியும்.

3. ரயில்பஸ்: ரயில் காரின் தம்பி. சாலைப் பஸ்ஸின் உடலமைப்பையே எடுத்து, பெரும்பாலும் நான்கு சக்கரத்தில் மட்டும் நிறுத்தியது. மதுரா–விருந்தாவனம் மீட்டர்கேஜ் பாதையில் ஓடியது இந்த வகை.

4. டி.எம்.யூ., டெமு, மெமு: பல ரயில் கார்களைக் கோத்து ஒரே ஓட்டுநர் இயக்கும்படி செய்தால் டி.எம்.யூ. டீசல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்கி அதனால் சக்கரம் சுற்றினால் டெமு. மேலே உள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தால் மெமு. கொல்லம்–கன்னியாகுமரி ஓடுவது மெமு.

5. டவர் வேகன்: மின்கம்பியைப் பராமரிக்க வரும், கூரையில் உயரும் மேடையுள்ள வண்டி. ரயில் காரின் இலக்கணம் அத்தனையும் இதற்குப் பொருந்தும்: சொந்த டீசல் எஞ்சின், சொந்த ஓட்டுநர் அறை, பயணிகளுக்குப் பதில் ஊழியர்கள். மின்மயமான நம் பாதையில் ரயில் கார் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் இதைப் பார்க்கலாம்.

ஒரு பெட்டிக் கூட்டத்துக்கு ஒரு முழு எஞ்சின்

ரயில் கார் பிறந்தது செலவுக் கணக்கிலிருந்து. 1920-களில் கிளைப் பாதைகளில் பஸ் போட்டி வந்துவிட்டது. அந்தப் பாதைகளில் ஒரு நடைக்கு முப்பது நாற்பது பேர் ஏறினாலே பெரிது. அவர்களுக்காகக் காலையில் வண்டி கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டி, தண்ணீரைச் சூடாக்கி, நீராவி அழுத்தம் ஏற்ற வேண்டும். எஞ்சினில் ஓட்டுநர் ஒருவர், நெருப்புப் போடுபவர் ஒருவர். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். ஓடாமல் நிற்கும் நேரத்திலும் நிலக்கரி எரிந்துகொண்டே இருக்கும்.

டீசல் ரயில் காரில் இவை எதுவும் கிடையாது. ஸ்டார்ட் செய்தால் கிளம்பும், நிறுத்தினால் எரிபொருள் செலவு நிற்கும். திரும்ப வேண்டுமா, ஓட்டுநர் எழுந்து அடுத்த முனைக்கு நடந்து போனால் சரி. எடை குறைவு என்பதால் பாதைக்கும் தேய்மானம் குறைவு. மூடப்போகும் நிலையில் இருந்த பல கிளைப் பாதைகள் இதனால் இன்னும் இருபது முப்பது வருடம் உயிரோடு இருந்தன.

இந்தச் சிக்கனம்தான் பின்னாளில் இந்த வண்டிகளைக் காப்பாற்ற விடாமல் செய்ததும். சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி நூறு வருடம் நிற்கும்படி செய்யப்படவில்லை.

சவுத்தால் பஸ் கம்பெனியும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயும்

இந்த வகையில் மிக நன்றாகப் பதிவான வரலாறு இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயுடையது. லண்டன் பஸ்களைச் செய்துவந்த ஏ.இ.சி. என்ற கம்பெனி, மேற்கு லண்டனில் சவுத்தால் என்ற இடத்தில் இருந்தது. தன் பஸ் டீசல் எஞ்சினை ரயிலிலும் விற்கலாமே என்று அது நினைத்தது. 130 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று, 69 இருக்கைகள், காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த வளைந்த முகம் என்று முதல் கார் 1933 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. உருண்டையான அந்த முகத்தைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் "பறக்கும் வாழைப்பழம்".

அடுத்த வருடமே இரண்டு எஞ்சின்கள் கொண்ட மூன்று கார்கள் வந்தன. 1934 ஜூலையில் பர்மிங்காமுக்கும் கார்டிஃபுக்கும் இடையே எக்ஸ்பிரஸாக அவை ஓடின. உள்ளே சிறிய சிற்றுண்டிப் பகுதியும் இருந்தது. கூட்டம் குவிந்தது. ஒற்றைக் காரில் இடம் போதாமல், சில வருடங்களில் இரண்டு கார்களைச் சேர்த்த ஜோடி வண்டிகள் செய்ய வேண்டியதாயிற்று. 1942 வரை மொத்தம் 38 கார்கள். பிற்காலத்தவை ஸ்விண்டன் பணிமனையில், வளைவுகள் குறைந்து, கோணம் கூடிய எளிய வடிவில் செய்யப்பட்டன.

1962-க்குள் எல்லாம் ஓய்வு பெற்றன. 38-ல் இன்று மிஞ்சியிருப்பது மூன்று.

4-ம் எண் கார், கார்டிஃப் எக்ஸ்பிரஸாக ஓடியவற்றில் ஒன்று. தேசிய சேகரிப்பில் சேர்ந்துவிட்டதால் அருங்காட்சியகப் பொருளாகப் பத்திரமாக நிற்கிறது. ஓடாது. 22-ம் எண் கார் டிட்காட் ரயில்வே மையத்தில் இருக்கிறது; ஆர்வலர் சங்கம் ஒன்று அதை மீட்டு ஓட்டியும் காட்டியது. 20-ம் எண் காரின் கதைதான் நம் கேள்விக்கு நேரான பதில். 1966-ல் கென்ட் அண்ட் ஈஸ்ட் சஸ்ஸெக்ஸ் ரயில்வே என்ற பழைய பாதையைக் காத்துவரும் ஆர்வலர்கள் அதை வாங்கினார்கள். 1980 வாக்கில் அதை ஓட்டத்திலிருந்து எடுத்துப் பிரித்தார்கள். அதன் பிறகு சீரமைப்பு பல பத்தாண்டுகளாக நீண்டது. அவர்கள் சோம்பேறிகள் என்பதல்ல காரணம். பிரித்துப் பார்த்தால்தான் வேலையின் அளவே தெரியும் என்ற வகை வண்டி இது.

டோனகல்: கை காட்டினால் நிற்கும் ரயில்

அயர்லாந்தின் வடமேற்கில் டோனகல் என்ற குறும்பாதை ரயில்வே இருந்தது. ஏழை மாவட்டம், சிதறிய வீடுகள், வயலும் மேடும். அங்கே மேலாளராக இருந்த ஹென்றி ஃபோர்ப்ஸ் 1931-லேயே டீசல் ரயில் காரைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் தீவுகளில் அதுவே முதல். கார்களை ஸ்டேஷனில் மட்டுமல்லாமல் வழியில் உள்ள லெவல் கிராஸிங்குகளிலும் நிறுத்தி ஆட்களை ஏற்றினார்கள். நம் ஊர் மினி பஸ் போலத்தான்.

1959-ன் கடைசி நாளோடு அந்த ரயில்வே பயணிகளுக்கு மூடப்பட்டது. 19, 20 எண் கார்கள் இரண்டும் 1961-ல் ஐல் ஆஃப் மேன் தீவுக்கு விற்கப்பட்டு அங்கே பல வருடம் ஓடின. 1990-களில் அவற்றைப் புதுப்பிக்கப் பிரித்தார்கள். செலவு கைமீறிப் போனதால் வேலை பாதியில் நின்றது. அதே குடும்பத்தின் 10-ம் எண் கார் பெல்ஃபாஸ்ட் அருகே உள்ள அருங்காட்சியகத்தில் கூரைக்கு அடியில் நிம்மதியாக நிற்கிறது. 18-ம் எண் ஃபின்டவுன் என்ற ஊரில் சிறு பாதையில் மக்களை ஏற்றி ஓடுகிறது. ஒரே ரயில்வேயின் கார்களுக்கு மூன்று வேறு தலையெழுத்து. தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. யார் கையில் போய்ச் சேர்ந்தது, கூரை கிடைத்ததா, பிரித்தவர்களிடம் முடிக்கப் பணம் இருந்ததா என்பதே வித்தியாசம்.

நம் பக்கத்தில்

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் 1938-லேயே டீசல் ரயில் தொகுதிகள் வந்துவிட்டன. இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனி செய்தவை. சில்வர் ஃபோம், சில்வர் ஸ்ப்ரே, சில்வர் மிஸ்ட் என்று மூன்றுக்கும் பெயர். திருவிதாங்கூர் தன் டீசல் பஸ்ஸை இறக்கிய அதே வருடம்.

இந்தியாவில் இன்றும் பார்க்கக்கூடிய நல்ல உதாரணம் கால்கா–சிம்லா மலைப்பாதை. 1903-ல் திறந்த 762 மி.மீ. அகலப் பாதை அது. அங்கே ஓடும் சின்ன ரயில் மோட்டார் கார்கள் இங்கிலாந்தில் செய்து வந்தவை. முதலில் பெட்ரோலில் ஓடின, பிறகு டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்டன. உடல் பழையது, இதயம் புதியது. இது சரியா தவறா என்ற வாதம் பழைய வண்டிகளைக் காப்பவர்களிடையே ஓயாமல் நடக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை

இந்த வண்டிகளைக் காப்பாற்றும் சிரமம் புரிய, சக்தி எப்படிச் சக்கரத்துக்குப் போகிறது என்று கொஞ்சம் உள்ளே பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினை நேரடியாகச் சக்கரத்தில் மாட்ட முடியாது. வண்டி நிற்கும்போதும் எஞ்சின் சுற்ற வேண்டும், கிளம்பும்போது அதிக இழுவிசை வேண்டும். அதற்கு மூன்று வழிகள்.

1. இயந்திர வழி: கிளட்ச், கியர்பாக்ஸ், ஷாஃப்ட். கிரேட் வெஸ்டர்ன் கார்களில் இருந்தது இது, லண்டன் பஸ்ஸில் இருந்ததும் இதுவே. கிளட்சுக்குப் பதில் எண்ணெய்ச் சக்கரம். எதிரெதிராக வைத்த இரண்டு கிண்ணங்கள், உள்ளே தகடுகள், நடுவில் எண்ணெய். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் எண்ணெய் வழுக்கும், வண்டி நிற்கும். வேகம் ஏறினால் ஒரு கிண்ணம் வீசும் எண்ணெய் அடுத்த கிண்ணத்தைத் தள்ளிச் சுற்றவைக்கும். அடுத்தது வில்சன் கியர்பாக்ஸ்: போக வேண்டிய கியரை ஓட்டுநர் முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொண்டு, நேரம் வரும்போது மாற்றுவார். உள்ளே ஒவ்வொரு கியருக்கும் ஒரு பட்டை, பிரேக் போல உருளையை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பட்டைகளின் உராய்வுப் பரப்பு தேயும். தேய்ந்தால் கடையில் வாங்க முடியாது. அளவெடுத்துச் செய்துகொள்ள வேண்டும்.

2. நீரியல் வழி: எண்ணெயின் ஓட்டத்தாலேயே இழுவிசையைக் கூட்டித் தரும் டார்க் கன்வெர்ட்டர். அமெரிக்காவின் பட் கம்பெனி 1949 முதல் 1962 வரை செய்த 398 ரயில் டீசல் கார்களில் இருந்தது. ஒவ்வொன்றிலும் தரைக்கடியில் 275 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு. இவற்றில் கணிசமானவை இன்றும் பிழைத்திருக்க முக்கியக் காரணம் எஞ்சின் அல்ல, துருப்பிடிக்காத எஃகில் செய்த உடல்.

3. மின் வழி: எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்ற, மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். 1933-ல் பெர்லின்–ஹாம்பர்க் இடையே 160 கி.மீ. வேகம் தொட்ட "பறக்கும் ஹாம்பர்கர்" இந்த வகை. 410 குதிரைத்திறன் மேபாக் எஞ்சின் இரண்டு. உலகமே பேசிய வண்டி. அதில் இன்று நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் இருப்பது முன்பகுதி ஒரு துண்டு மட்டும். புகழ் ஒரு வண்டியைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஏன் பெரும்பாலானவை பிழைக்கவில்லை

நீராவி எஞ்சினின் பாய்லரையும் சட்டத்தையும் கனத்த இரும்பில் செய்திருப்பார்கள். இருபது வருடம் மழையில் நின்றாலும் மிச்சம் இருக்கும், கெட்ட பாகத்தை வார்த்தோ கடைந்தோ செய்துகொள்ளலாம். ரயில் கார் அப்படி இல்லை. மெல்லிய தகடு, மரச் சட்டகம், இலேசான எஃகுக் கட்டுமானம். எஞ்சினுக்குள் இருப்பவையோ நுட்பமான பாகங்கள். இன்ஜெக்‌ஷன் பம்பின் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்பு) உலக்கையும் உறையும் ஒரு முடியின் அகலத்தில் சிறு பங்கு இடைவெளிதான் விட்டுப் பொருந்தும். பட்டறையில் ஒரு நாளில் கடைந்து மாட்டும் வேலை அல்ல அது.

அதோடு, தரைக்கடியில் எஞ்சின், சூடான புகைக்குழாய், எண்ணெய்க் கசிவு, மேலே மரத்தரை. பல ரயில் கார்கள் தீயில் போனதற்கு இந்தச் சேர்க்கையே காரணம். 1950-களில் பிரிட்டனில் செய்த டீசல் கார்களில் வெப்பக் காப்புக்காக ஆஸ்பெஸ்டாஸ் அடைத்தார்கள். அதை அகற்றும் செலவு வண்டியின் விலையைத் தாண்டியதால் நல்ல நிலையில் இருந்தவைகூட நொறுக்கப்பட்டன. பழைய ரயில் வண்டி எதைத் திறப்பதற்கு முன்னும் இதைச் சோதிக்க வேண்டும். அந்த இழையை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் புற்றுநோய் வரை போகும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் காலம் தொடர்பானது. ஒரு வண்டி புதிதாக இருக்கும்போது யாரும் அதை உடைக்க மாட்டார்கள். எண்பது வயதானால் எல்லோரும் காப்பாற்ற வருவார்கள். நடுவில், இருபத்தைந்திலிருந்து ஐம்பது வயது வரை, அது வெறும் ஓட்டை வண்டி. அந்த வயதில்தான் கிட்டத்தட்ட எல்லாமே பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. கிரேட் வெஸ்டர்ன் 20-ம் 22-ம் பிழைத்தது, ஓய்வு பெற்ற சில வருடத்திலேயே 1960-களில் சிலர் பணம் போட்டு வாங்கியதால். அன்று அவை பழம்பொருள் அல்ல. ஏறத்தாழ இருபத்தைந்து வயதுதான் ஆகியிருந்தது.

காப்பாற்றுவது என்றால் என்ன: மூன்று நிலைகள்

1. அப்படியே நிறுத்திவைப்பது. இருப்பதைச் சிதையாமல் காப்பது. வண்ணப்பூச்சின் பழைய அடுக்குகள், கிழிந்த இருக்கைத் துணி, ஓட்டுநரின் கை பட்டுத் தேய்ந்த கைப்பிடி எல்லாம் சாட்சியம். ஓடாது, ஆனால் பொய் சொல்லாது.

2. ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது. எஞ்சின், பிரேக், ஆக்சில், சக்கரம் எல்லாம் இன்றைய பாதுகாப்பு விதிக்கு ஏற்ப இருக்க வேண்டும். ஆக்சிலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று மீயொலியால் சோதிப்பார்கள். ஓட்டினால் தேயும், தேய்ந்தால் அசல் பாகம் ஒவ்வொன்றாகக் குறையும்.

3. எஞ்சின் மாற்றி ஓட்டுவது. கால்கா–சிம்லா கார்கள் இந்த வழி. பாதுகாப்பாக ஓடும், உதிரிபாகம் கிடைக்கும், மக்கள் ஏறிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பழைய எஞ்சினின் சத்தமும் அதிர்வும் போய்விடும்.

எது சரி? ஒரு வகையில் ஒரே ஒரு வண்டி மிச்சம் என்றால் முதல் வழியே சரி என்று நினைக்கிறேன். ஓட்டி அழிக்க நமக்கு உரிமை இல்லை. இரண்டு மூன்று இருந்தால் ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டலாம். எஞ்சினை மாற்றினாலும் கழற்றிய பழைய எஞ்சினை விற்காமல் எண்ணெய் பூசி மூடி வைக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மாற்றியவர்கள் பழையதை இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் வருகிறவர்களுக்குத் திரும்ப வழியே இல்லை.

உப்புக்காற்றில் ஒரு ரயில் கார்

கன்னியாகுமரி ஸ்டேஷனிலிருந்து கடல் கூப்பிடு தூரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. பழைய மெல்லிய தகட்டு வண்டிக்கு இதைவிடக் கடினமான இடம் தேட வேண்டும்.

துரு வெளியில் தெரியும் இடத்தில் ஆபத்தில்லை. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில், கதவுக்குக் கீழே மழைநீர் வடியும் துளை அடைபட்ட இடத்தில், ஜன்னல் ரப்பருக்குப் பின்னால் உப்பு கலந்த ஈரம் தங்கும். இரும்பு துருவானால் பருமன் கூடும். உள்ளிருந்தே தகட்டைப் பிதுக்கும். வண்ணம் மினுமினுப்பாக இருக்கும், சுத்தியலால் தட்டினால் உள்ளே பொருக்கு உதிரும். இரும்புச் சட்டத்தில் அலுமினியத் தகடு மாட்டியிருந்தால் இன்னும் மோசம். உப்பு நீர் நடுவில் வந்ததும் அது சிறிய மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். இரண்டு உலோகத்துக்கும் நடுவே தடுப்புப் பட்டை வைத்தே மாட்ட வேண்டும்.

ஓடாமல் நிற்கும் டீசல் எஞ்சினின் சிக்கல் தனி. டாங்கின் அடியில் தண்ணீர் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கொழகொழவென்று படலம் உண்டாகி ஃபில்டரை அடைக்கும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய எஞ்சினில் பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரைத் தட்டுவது கொலை. டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இந்த வேலை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எஞ்சின்கள் நிற்கும், பிரிக்கப்படும், பூட்டப்படும். உப்பு டீசல் எஞ்சினை என்ன செய்யும் என்று வருடா வருடம் கையால் தொட்டுப் பார்க்கிற மெக்கானிக்குகள் துறைமுகங்களில் இருக்கிறார்கள். ராணித்தோட்டம் போன்ற பஸ் பணிமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்குத் தகட்டு வேலையும் பம்பும் அத்துபடி. ரயில் காரைப் பராமரிக்கத் தேவையான அறிவு பாதி படகிலும் பாதி பஸ்ஸிலும் இங்கே இருக்கிறது. ரயில் ஆக்சிலும் பிரேக்கும் மட்டும் ரயில்வேயிடமிருந்துதான் வர வேண்டும்.

இப்போது இது ஏன் அவசரம்

சென்னையில் உள்ள ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை 1990-களில் டெமு வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. பழைய ஐ.சி.எஃப். வகை ரயில் பெட்டிக்கு ரயில்வே கணக்கில் ஆயுள் 25 வருடம். நாட்டின் பாதைகள் கிட்டத்தட்ட எல்லாம் மின்மயமாகிவிட்டதால் டீசல் வண்டிகளுக்கு வேலையும் குறைகிறது. அதாவது, நம் முதல் தலைமுறை டெமு இப்போது சரியாக அந்த ஆபத்தான வயதில் நிற்கிறது. யாருக்கும் அழகாகத் தெரியாது. ஓய்வு கொடுத்தபின் ஏலம், ஏலத்துக்குப் பின் கேஸ் கட்டர்.

நீராவி எஞ்சினை ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி நிறுத்தும் வழக்கம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. அதே முறையை ரயில் காருக்குச் செய்தால் நடக்காது. கனத்த எஞ்சின் வெயிலிலும் மழையிலும் நிற்கும். ரயில் கார் பத்து வருடத்தில் ஓட்டையாகும். மேடையைவிடக் கூரை முக்கியம். கடலோரம் என்றால் காற்றோட்டம் உள்ள, பக்கச் சுவரும் உள்ள கூரை.

ஒரு பழைய டீசல் காரைக் காப்பாற்றப் போகிறோம் என்று ரயில்வேயோ ஒரு சங்கமோ அறிவித்தால், செய்தியில் தேட வேண்டியவை இவை:

1. வண்டி எங்கே நிற்கப் போகிறது? கூரை தயாரான பிறகு வண்டி வருகிறதா, வண்டி வந்தபின் கூரைக்குப் பணம் தேடுகிறார்களா?

2. பிரிப்பதற்கு முன் படம் எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டுப் பதிவு செய்கிறார்களா? ஐல் ஆஃப் மேன் கார்கள் போலப் பாதியில் நின்றால், பத்து வருடம் கழித்து வருகிறவர் அந்தப் பதிவை வைத்துத்தான் பூட்ட முடியும்.

3. வரைபடங்கள், வயரிங் படம், பராமரிப்புக் குறிப்பேடு, அந்த வண்டிக்கென்று செய்த ஸ்பேனர்கள் எல்லாம் கூடவே வருகின்றனவா? ஏலத்தில் வண்டிக்கு விலை உண்டு, காகிதத்துக்கு விலை இல்லை. அதனால் அது முதலில் குப்பைக்குப் போகிறது.

4. அதே வகையில் இரண்டாவது வண்டி ஒன்று உதிரிபாகத்துக்காக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா?

5. ஓட்டப் போகிறார்கள் என்றால், எந்தப் பாதையில்? பிரதான பாதையில் ஓட ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதலும், நெரிசலான நேர அட்டவணையில் இடமும் வேண்டும். சொந்தமாக ஒரு கிலோமீட்டர் பாதை இருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

6. அதை ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் பேசியது பதிவாகியிருக்கிறதா? குளிர்ந்த காலையில் எந்த எஞ்சின் முரண்டு பிடிக்கும், எந்த வால்வை எவ்வளவு திறந்தால் கிளம்பும் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது. முதல் டெமு வண்டிகளில் இளைஞராக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த வருடங்களில்தான் ஓய்வு பெறுகிறார்கள்.